அடுத்த வீட்டில் நட்ட ராஜபனை

கேப்டன் எஷுன் சால்ட்பாண்டில் உறவுக்காரர் ஒருவரின் இறுதிச் சடங்குக்குப் போய்விட்டு, தோளில் சுற்றிய கறுப்புத் துணியோடு சனிக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பினார். கேட்டைத் திறந்தவர் உள்ளே போகாமல் அங்கேயே நின்றுவிட்டார். முற்றத்தில் ஒரு மரம் நின்றுகொண்டிருந்தது. காலையில் அவர் கிளம்பியபோது அது அங்கே இல்லை.

சின்னச் செடியாக இருந்தால் யாரோ தொட்டியை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். இது மாடி ஜன்னலை எட்டிப் பார்க்கிற ராஜபனை. வழவழவென்று சாம்பல் நிறத் தண்டு, அதற்கு மேல் பச்சைக் கழுத்து, உச்சியில் கொண்டை முடிந்ததுபோல் சேர்த்துக் கட்டிய மட்டைகள். மூன்று பக்கமும் முட்டுக்கட்டைகள். அடியைச் சுற்றித் தரைக்கல் அழகான வட்டமாகப் பதிக்கப்பட்டிருந்தது.

கேப்டன் மெதுவாகத் திரும்பித் தெருவைப் பார்த்தார். தெருவில் அப்போது நான் ஒருத்திதான் இருந்தேன். அவர் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு பழைய கன்டெய்னரில் தையல் கடை வைத்திருக்கிறேன். மிஷினில் உட்கார்ந்தால் அவர் வாசலும் அடுத்த வீட்டு வாசலும் என் கண்ணில் விழும்.

"மவுவேனா, இது என்னம்மா?"

"மரம், கேப்டன்."

"மரம்னு தெரியுது. யாரோடது?"

"உங்க வீட்டுக்குள்ள இருக்கு. நீங்கதான் சொல்லணும்."

அவர் போனை எடுத்து ஹாம்பர்கில் இருக்கும் மகனை அழைத்தார். "அப்பாவுக்கு ஏதாவது அனுப்பினியா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. மறுமுனையில் சிரிப்புச் சத்தம். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு சட்டைகூட அனுப்பாத பிள்ளை மரம் எங்கே அனுப்பப்போகிறான்.

கேப்டனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தேமா துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய பெரிய கப்பல்களை மூக்கைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்த மனுஷன். மனைவி போன பிறகு அவருக்கு இருந்த ஒரே பிடிவாதம் சுத்தம். முற்றத்தில் ஒரு மாமரம் இருந்தது. இலை கொட்டுகிறது என்று அதை வெட்டிவிட்டார். அடிக்கட்டையையும் தோண்டி எடுத்து, மிச்சமிருந்த குழியை மூடித் தரைக்கல் பதிக்கச் சொல்லி முமுனி என்ற கொத்தனாரிடம் விட்டுவிட்டுத்தான் சாவுக்குப் போயிருந்தார். அந்தக் குழியில்தான் இப்போது பனை நின்றது.

அடுத்த வீடு மேடம் கோர்கோயுடையது. கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் பந்தலும் பிளாஸ்டிக் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். எங்கள் லஷிபியில் யார் செத்தாலும் யார் பிறந்தாலும் முதலில் தெரிவது அவருக்குத்தான். மகள்கள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். கணவரும் ரொம்ப நாளைக்கு முன்பே போய்விட்டார். செத்துப்போகவில்லை, குமாசியில் இன்னொருத்தியிடம் போய்விட்டார். அவர் கேட்டும் நீல நிறம், கேப்டன் கேட்டும் நீல நிறம். ஒரே வருஷம் ஒரே பெயின்டரிடம் கொடுத்ததால் வந்த வினை அது.

அன்று மேடம் டெஷியில் ஒரு பெரிய சாவுக்குப் பந்தல் போட்டுவிட்டு, இருட்டுவதற்குள் தன் வீட்டில் நடச் சொல்லியிருந்த பனையைப் பார்க்க வேண்டும் என்று வேனை விரட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் வீட்டுக்குள் போன கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு அந்தப்பக்கம் குரல் கேட்டது.

"அதாங்கா, குழி வாயைப் பிளந்துக்கிட்டுக் கிடக்கு. என் மரம் எங்கய்யா?"

போனில் மரத்தை விற்ற அதாங்கா என்ன சொன்னானோ, மேடத்தின் குரல் இன்னும் ஏறியது. "நட்டாச்சா? தண்ணியும் ஊத்தியாச்சா? எந்த வீட்ல?"

மதிலுக்கு மேல் மேடத்தின் தலைக்கட்டு முதலில் தெரிந்தது, அப்புறம் கண்கள். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றிருக்கிறார். பனையைப் பார்த்தார். பனைக்குக் கீழே கறுப்புத் துணியில் நின்ற கேப்டனைப் பார்த்தார்.

"கேப்டன், நல்ல சாயங்காலம். அது என்னோட மரம்."

"நல்ல சாயங்காலம் மேடம். அப்போ அதைக் கூட்டிட்டுப் போங்க."

நடந்தது இதுதான். தெருவில் போய் நீலக் கேட் வீட்டைப் பார், குழி தோண்டி ரெடியாக இருக்கும், மரத்தை இறக்கு என்று லாரிக்காரனிடம் அதாங்கா சொல்லி அனுப்பியிருந்தான். மேடத்தின் கேட் பூட்டியிருந்தது. கேப்டன் கேட் அகலத் திறந்திருந்தது, உள்ளே குழியும் இருந்தது. முமுனி சந்திக்குப் போய் வாக்யே சோறு வாங்கி நின்றபடியே சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் கிரேன் மரத்தை இறக்கிவிட்டது. முதலாளி மனசு மாறிவிட்டார் போல என்று நினைத்து அவனும் சந்தோஷமாக வட்டக்கல் பதித்துக் கொடுத்துவிட்டான். நான் அன்று காலை ஜிப்பும் நூலும் வாங்கத் தேமா சந்தைக்குப் போயிருந்தேன். கடையில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் சர்ச் முடிந்ததும் அதாங்கா வந்தான். ஸ்பின்டெக்ஸ் சாலையோரம் செடி விற்கிறவன், வாய் ரொம்ப நீளம். நடுவில் அவனை நிறுத்தி, ஒரு பக்கம் கேப்டன், ஒரு பக்கம் மேடம்.

"பாஸ், தப்புதான். ஆனா மரத்தைப் பாருங்க, என்னமா நிக்குது. உங்க வீட்டுக்குன்னே அளவெடுத்த மாதிரி இல்ல?"

"அளவு இருக்கட்டும். தூக்கு."

அதாங்கா வாயைத் திறப்பதற்குள் மேடமே பதில் சொன்னார். "தூக்க முடியாது கேப்டன்."

"உங்க மரம். தூக்க முடியாதுன்னு நீங்களே சொல்றீங்களா?"

"வேரை எல்லாம் வெட்டித்தான் கொண்டு வந்திருக்காங்க. இப்போ அதுக்கு இருக்கிறது அந்தத் தாய்மண் உருண்டை மட்டும்தான். மறுபடி பிடுங்கினா செத்துரும். புது வேர் விட்டு நல்லாப் பிடிக்கணும். அடுத்த மழைக்குத்தான் நகர்த்தலாம்."

"அடுத்த மழைன்னா?"

"அடுத்த வருஷம் மே மாசம்."

கேப்டன் தன் முற்றத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். அந்தத் தரைக்கல்லைத் தினமும் அவரே துடைப்பார். "ஒரு வருஷம் இது இங்க இருந்தா யார் தண்ணி ஊத்தறது?"

"நான்தான். என் மரத்துக்கு நான் ஊத்தமாட்டேனா?"

இதைச் சொல்லும்போது மேடத்தின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். மேடம் இதற்கு முன்னால் ஒரு பனையைக் கொன்றவர். நரிவால் மாதிரி மட்டை விடுகிற பனை அது. ஆழமாக நட்டால் ஆடாமல் நிற்கும் என்று இடுப்பளவு மண்ணுக்குள் இறக்கினார். மகள் கல்யாணத்துக்கு வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று மட்டை எல்லாவற்றையும் கழிக்கச் சொன்னார். கல்யாணப் போட்டோவில் பென்சில் மாதிரி நிற்கும் அது. அந்த மகளுக்கு முதல் பிள்ளை பிறக்கும்போது வெறும் கட்டை. அந்தக் கோபத்தில் மேடம் போகாத நர்சரி இல்லை, பேசாத ஆள் இல்லை. எது எவ்வளவு உயரம் போகும், எது எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் ராஜபனைதான் என்று முடிவு செய்தார். எனக்கு ஒரு ராஜா வேணும் மவுவேனா, மத்ததெல்லாம் குமாசிக்குப் போயிருது என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

கேப்டன் ஒத்துக்கொண்டார், ஆனால் சட்டம் போட்டார். "காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. செருப்பு கேட்டுக்கு வெளியே. குழாயைக் கல்லு மேல இழுக்கக்கூடாது. சேறு ஒரு சொட்டுப் பட்டாலும் துடைக்கணும்."

"கப்பல் கரை சேரவே இதைவிட ஈஸியா அனுமதி கொடுப்பீங்களே."

"கப்பல் சேறு பண்ணாது மேடம்."

திங்கள்கிழமை காலையிலேயே சண்டை. மேடம் வாளியோடு உள்ளே போனவர், வாளியை வைத்துவிட்டுத் தண்டைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு அவர் குரல் என் கடை வரைக்கும் வந்தது. முட்டுக்கட்டைகளை லாரி ஆட்கள் நேராகத் தண்டிலேயே ஆணி அடித்து நிறுத்தியிருந்தார்கள்.

"மாமரத்துல ஆணி அடிச்சா பட்டை மூடிக்கும். இதுக்குக் காயம் மூடாது கேப்டன். சாகற வரைக்கும் ஓட்டை ஓட்டையாவே இருக்கும். பூச்சி புகுந்துரும்."

கேப்டன் பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தார். அவருக்குக் காயம் பெரிதாகப் படவில்லை. முட்டுக்கட்டையைச் சுற்றி ஒப்புக்குக் கட்டியிருந்த கயிற்றைத்தான் அருவருப்போடு பார்த்தார்.

"இது என்ன முடிச்சு? செத்த ஆட்டைக் கட்டியிருக்கானுங்களா? கட்டத் தெரியாதவன்தான் ஆணியைத் தேடுவான்."

உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார். துறைமுகத்திலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து அதுதான், முழுக்கக் கயிறு. மேடம் சொல்லச் சொல்ல, தண்டைச் சுற்றி முதலில் சாக்கு, சாக்கு மேல் குட்டைப் பலகைகள், பலகையைச் சுற்றி இறுக்கமான பட்டை. முட்டுக்கட்டை அந்தப் பலகையில்தான் முட்ட வேண்டும், மரத்தைத் தொடக்கூடாது. கேப்டன் அதோடு விடவில்லை. நாலு பக்கமும் கயிறு இழுத்து மதில் கொக்கிகளில் கட்டினார். எல்லாம் முடிந்து பார்த்தால் மரம் கப்பல் மாதிரி இருந்தது, கொடி மட்டும்தான் இல்லை.

"போதுமா மேடம்?"

"கயிறு போதும். கல்லுதான் அதிகம்."

"எந்தக் கல்லு?"

முமுனி பதித்த வட்டம் தண்டுக்கு ரொம்ப ஒட்டி இருந்தது. போதாததற்குக் கல் மட்டத்துக்கு வரட்டும் என்று அவன் அடியில் மணலையும் குவித்திருந்தான். வேர் கிளம்புகிற இடம் வெளியே தெரியணும், இல்லாவிட்டால் மூச்சு முட்டும் என்றார் மேடம். பதித்த கல்லைப் பெயர்க்கமாட்டேன் என்றார் கேப்டன். அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. கடைசியில் ஒரு நாள் கேப்டனே உட்கார்ந்து ஒரு வரிசையைப் பெயர்த்து மணலை அள்ளினார். அடுத்த நாள் யாரும் கேட்காமல் இன்னொரு வரிசையையும் பெயர்த்தார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "முதல் வரிசை போன பிறகு ரெண்டாவது கோணலாத் தெரிஞ்சுது" என்றார்.

ஜூனில் கீழ் மட்டைகள் மஞ்சளாகி நுனி கருக ஆரம்பித்தன. கேப்டனுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மேடம் நுங்குவாவுக்குப் பந்தல் போடப் போன நேரம் பார்த்து முமுனியை அரிவாளோடு வரச் சொன்னார். முமுனி ஏணியில் ஏறியபோது மேடத்தின் வேன் தெருமுனையில் திரும்பியது. நாற்காலிகளை எண்ணாமல் வந்துவிட்டோம் என்று பாதி வழியில் நினைவு வந்து திரும்பியிருக்கிறார். அன்று அவர் நாற்காலிகளை எண்ணவே இல்லை.

"முமுனி, இறங்கு. கேப்டன், என்ன நடக்குது இங்க?"

"அழுக்கா இருந்துச்சு. சுத்தம் பண்றேன்."

"அழுக்கா? மட்டை மஞ்சளா இருந்தா அதுக்குள்ள இருக்கிற சத்தை மரம் உறிஞ்சிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். வேர் இல்லாத மரம் வேற எங்க போய்ச் சாப்பிடும்? தட்டுல சோறு பாதி இருக்கும்போதே யாராவது உங்க தட்டை எடுத்தா விடுவீங்களா?"

கேப்டன் யோசித்தார். "என் தட்டை நான்தான் கழுவறேன் மேடம். எடுக்கிறதுக்கு யாரும் இல்ல."

முமுனி ஏணியிலேயே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மேடம் தணிந்த குரலில் சொன்னார்: "முழுசாக் காயட்டும் கேப்டன். காஞ்சா நானே எடுத்துப் போட்டுடறேன். உங்க கல்லுல விழாம."

மறுநாளிலிருந்து மேடம் தண்ணீர் ஊற்ற வரும்போது ஒரு கிண்ணமும் கொண்டுவந்தார். ஒரு நாள் வெண்டைக்காய்க் குழம்பு, ஒரு நாள் சோளமாவுக் கென்கேயும் பொரித்த மீனும். கிண்ணத்தைக் கழுவித் திருப்பித் தருவது கேப்டன் வேலை. அவர் கழுவினால் கிண்ணம் புதுசு மாதிரி இருக்கும். இது நம்ம கிண்ணம்தானா என்று மேடம் என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

அந்த மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் வானம் கடல் பக்கத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. முதலில் காற்று. என் கடைப் பலகை பறந்து போயிற்று. கன்டெய்னர் கதவைப் பாதி இழுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கேப்டன் பனியனோடு முற்றத்தில் நின்றிருந்தார். மட்டைக் கொண்டையைக் கட்டியிருந்த கட்டு அறுந்துபோய், மரம் தலையை விரித்துப் போட்டு ஆடியது. காற்றுப் பக்கத்துக் கயிறு தளர்ந்திருந்தது. அவர் அதைக் கையில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து நின்றார்.

நான் தையல் நாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஓடினேன்.

"இதைப் பிடி. இழுக்காத, பிடிச்சா போதும். காத்து வந்தா கொஞ்சம் கொடு, போனா வாங்கிக்க."

"எவ்வளவு கொடுக்கணும்?"

"அது கேக்கிற அளவு."

அவர் போய் அந்தப்பக்கக் கயிற்றை இறுக்கினார். மழை கல் மாதிரி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் யார் யாரைப் பிடித்திருக்கிறோம் என்றே தெரியவில்லை, மரமா என்னை, நானா மரத்தை. எப்படியோ காற்று தேய்ந்தது. கேப்டன் வந்து என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக் கொக்கியில் போட்டார். அவர் முற்றம் முழுக்கச் சேறு. அதை அவர் பார்க்கக்கூட இல்லை.

அப்போதுதான் மேடத்தின் வேன் வந்து நின்றது. நனைந்த தலைக்கட்டோடு இறங்கி ஓடிவந்தார். நுங்குவாவில் அவருடைய பெரிய பந்தல் ஒன்று கூரையைத் தாண்டிப் பறந்து, ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் போய் விழுந்திருக்கிறது. அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"மரம்?"

"நிக்குது," என்றார் கேப்டன்.

"நீங்க?"

"நானும் நிக்கிறேன்."

மேடம் செருப்போடு உள்ளே வந்துவிட்டார். கேப்டன் நகர்ந்து வழி விட்டார்.

மழைக்குப் பிறகு காத்திருப்பு. பழைய மட்டைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. நடுவில் ஈட்டி மாதிரி ஒரு குருத்து மட்டும் மூடியபடியே நின்றது. அது வளர்ந்தால் மரம் பிழைத்தது, இல்லையென்றால் இல்லை. பனைக்கு உயிர் அந்த ஒரே இடத்தில்தான். கேப்டன் என்னிடம் வந்து துணியில் கோடு போடும் சாக்பீஸ் கேட்டார். குருத்தும் பக்கத்து மட்டையும் சேரும் இடத்தில் ஒரு கோடு போட்டார். மழை அழித்துவிட்டது. மறுபடி வந்து சிவப்பு நூல் வாங்கிப்போய் ஏணி வைத்துக் குருத்தில் கட்டினார். அதன் பிறகு தினமும் காலையில் பைனாகுலரோடு மொட்டை மாடியில் நின்று நூலைப் பார்ப்பார். துறைமுகத்தில் கப்பலைப் பார்த்த அதே பைனாகுலர்.

ஆகஸ்டில் ஒரு காலை மதிலுக்கு மேலே அவர் தலை தெரிந்தது. இந்தத் தடவை தொட்டி மேல் ஏறியது அவர்.

"மேடம், கொஞ்சம் வாங்க. நூல் மேல போயிருக்கு."

"எவ்வளவு?"

"மவுவேனாவோட ஒரு விரல் நீளம்."

என் விரலை எப்போது அளந்தார் என்று எனக்குத் தெரியாது. மேடம் தலைக்கட்டுக்கூடக் கட்டாமல் ஓடிவந்தார். அந்த வாரமே குருத்து விரிந்தது. துணியை மடிப்பு எடுத்துப் பிரிக்கிற மாதிரி ஓலை ஓலையாகப் பிரிந்து, வெயில் படாத இளம்பச்சையில் நின்றது. அன்று எங்கள் மூன்று பேருக்கும் மேடம் வீட்டில் பாங்குக் களி, மிளகாய் அரைத்துப் போட்ட மீன். கேப்டன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

டிசம்பரில் ஹர்மட்டான் காற்று தூசியை அள்ளிக்கொண்டு வந்தபோது மேடம் ஊரில் இல்லை. குமாசியில் இளைய மகளுக்குப் பிரசவம். பேரனுக்குப் பெயர் வைக்கும் சடங்கு முடியும் வரைக்கும் அங்கேதான். உதடு வெடிக்கிற வறட்சி, குழாயில் தண்ணீர் வரவில்லை. கேப்டன் டேங்கர் தண்ணீர் வாங்கி, மரத்துக்கு ஊற்றிவிட்டு மிச்சத்தில் குளித்தார். மேடம் தினமும் போன் செய்வார். கேப்டன் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு மரத்தடியில் நிற்பார்.

"குடிச்சுதா?"

"குடிச்சுது."

"மட்டை நுனி?"

"ரெண்டு கருகியிருக்கு. மிச்சம் நல்லாருக்கு. பேரன்?"

"அவனும் நல்லாக் குடிக்கிறான்."

மே மாதம் வந்தது. அதாங்கா கிரேன் லாரியோடு வந்தான். மேடம்தான் வரச் சொல்லியிருந்தார், ஆனால் வரச் சொன்னவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. கேப்டன் காலையிலிருந்தே கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். ஒரே கயிற்றைச் சுற்றி, பிரித்து, மறுபடி சுற்றியதை நான் பார்த்தேன்.

லாரி டிரைவர் முதலில் மேடம் வீட்டுக்குள் போய்க் குழியைப் பார்த்தான். அண்ணாந்து பார்த்தான். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"மேடம், இங்க நான் கிரேனைத் தூக்கமாட்டேன். நேர் மேல கரன்ட் கம்பி போகுது. இந்த மரம் இன்னும் ரெண்டு ஆள் உயரம் வளர்ந்தா கம்பியைத் தொட்டுரும். யாரு இங்க குழி வெட்டச் சொன்னது?"

எல்லோரும் அதாங்காவைப் பார்த்தோம். அதாங்கா மேகத்தைப் பார்த்தான். "போன வருஷம் கம்பி இவ்வளவு கீழ இல்ல மேடம்."

நான் பார்த்தது வேறு. மேடமும் கேப்டனும் அண்ணாந்து பார்க்கவே இல்லை. இரண்டு பேரும் கீழே தரைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

மேடம் தலைக்கட்டைச் சரிசெய்தார். "புதுக் குருத்து விரிஞ்ச அன்னிக்கு இந்தப்பக்கம் நின்னு என் வீட்டைப் பார்த்தேன். அப்போ தெரிஞ்சுது."

"ஆகஸ்டுலயா? அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா வேற இடம் பாக்கணும். அப்புறம் நான் எதுக்குத் தினம் அங்க போறது?"

கேப்டன் தொண்டையைச் செருமினார். "எனக்கு ஜூன்லயே தெரியும். மொட்டை மாடில இருந்து நல்லாத் தெரியும்."

மேடம் அவரைத் திரும்பிப் பார்த்தார். "ஜூன்லயேவா? தெரிஞ்சும் என்னைப் பதினோரு மாசம் வாளி தூக்க விட்டீங்களா?"

"நான் எப்பவாவது வேண்டாம்னேனா மேடம்?"

லாரி டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. வந்ததற்கு வாடகை மட்டும் கேட்டான். அதாங்காதான் கொடுத்தான், முனகிக்கொண்டே. மரம் நின்ற இடத்திலேயே நின்றது.

ஆனால் மேடத்தின் குழி காலியாகக் கிடந்தது. அடுத்த சனிக்கிழமை மேடம், கேப்டன், நான் மூன்று பேரும் வேனில் அதாங்காவின் தோட்டத்துக்குப் போனோம். கம்பிக்குக் கீழே நிற்கிற மாதிரி, மதிலைத் தாண்டாமல் புதராக வளர்கிற கொத்துப்பனை வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். அதாங்கா பழக்கதோஷத்தில் உயரமான ஒன்றைக் காட்டி, "இது வளராது மேடம்" என்று ஆரம்பித்தான். கேப்டன் அவனைப் பேச விடவில்லை.

"வளராத மரத்தை எதுக்கய்யா விக்கிற? அந்த மூணாவது தொட்டியை எடு. இல்ல, அதுக்கு நடுக்குருத்து லூசா இருக்கு. இதைக் கவுத்துக் காட்டு, வேர் தொட்டியைச் சுத்திச் சுத்தி இருக்கான்னு பாக்கணும். மட்டைக்கு அடியில புள்ளி புள்ளியா என்னது?"

"தூசி, பாஸ்."

"தூசி நடக்குமா? இது நடக்குது."

மேடம் என் காதில் சொன்னார்: "இவரை ஏன்டா கூட்டிட்டு வந்தோம்னு இருக்கு." சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தார். தோட்டத்தில் இருந்த ஒரு தொட்டி விடாமல் பார்த்து, ஒரு வழியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தபோது அதாங்காவுக்கு மதியச் சாப்பாடு போயிருந்தது.

நடும்போது கேப்டன் குழிக்குள் இறங்கிவிட்டார். வேர் கிளம்புகிற இடம் தரைமட்டத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று ஒரு குச்சியைக் குறுக்கே வைத்துப் பார்த்தார். மண்ணைத் தள்ளித் தண்ணீர் விட்டு, மறுபடி தள்ளித் தண்ணீர் விட்டு, வேருக்குள் காற்று இல்லாமல் அமுக்கினார். வெளியே ஏறியபோது முழங்கால் வரைக்கும் சேறு. அப்படியே மேடம் வீட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்தார். மேடம் அவருக்கு முன்னால் சோறு வைத்தார்.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷம் ஆகிறது. ராஜபனை இப்போது கேப்டன் வீட்டுக் கூரையைத் தாண்டிவிட்டது. போன வாரம் அதன் பெரிய மட்டை ஒன்று தானாகக் கழன்று, ஒரு ஆள் விழுகிற சத்தத்தோடு கேப்டனின் கார் மேல் விழுந்தது. கண்ணாடி போயிற்று. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மேடம் ஏற்கனவே அங்கே இருந்தார். கேப்டன் காரைச் சுற்றி வந்து, மட்டையைத் தூக்கிப் பார்த்து, மேடத்திடம் மிக மரியாதையாகச் சொன்னார்.

"மேடம், இப்பத்தான் ஞாபகம் வருது. இது உங்க மரம்."

"ஆமா கேப்டன், என் மரம்தான். என் மரத்துக்கு அடியில காரை நிறுத்த யார் சொன்னது?"

கேப்டன் சாவியை எடுத்துக் காரைத் தெருவுக்குக் கொண்டுவந்து என் கடை வாசலில் நிறுத்தினார். இப்போது எனக்குத்தான் வெளிச்சம் மறைக்கிறது.